மேற்படி, மேற்படி, மேற்படி

தெஹியோவிட்ட பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றின் மருந்துச்சாலைக்கு நான் செய்துகொடுத்த தடுப்பூசி அட்டவணையை, மூன்று மாதமாக என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். மற்றவை எவை என்று யாரும் கேட்காததால் அந்தப் பட்டியல் இன்னும் தயாராகவில்லை.

எந்தப் பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்று பார்த்துத் தாய்மாருக்குத் தொலைபேசியில் சொல்வதற்கான அட்டவணை அது. அதற்கு முன் எல்லாம் ஒரு பெரிய கொப்பியில் இருந்தது. கொப்பியை அப்படியே கணினிக்குள் இறக்கினேன். தோட்டத்துக் கொப்பிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டப் பிரிவான டிவிஷனையும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் இலக்கத்தையும் முதல் வரியில் மட்டும் எழுதுவார்கள்; அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை ‘மேற்படி’தான். நானும் மரபு பிசகாமல் மேற்படி, மேற்படி என்று தட்டினேன். தலைப்பு வரியில் பழைய கிளாக்கரின் கையெழுத்து அழகாக இருந்தது. அதைப் படம் பிடித்து மேலே ஒட்டினேன். ஊசி போட்டாயிற்றென்றால் அந்த வரி பச்சையாகிவிடும். பச்சை என் சொந்தச் சிந்தனை.

பிறகு மருந்துச்சாலைக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அதே தோட்டத்துப் பிள்ளை, பட்டதாரி, கண் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி குரலில் வாசிக்கும். கேட்டு அவள் தாய்மாருடன் பேசுவாள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகத் தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்தார்.

இரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமை டாக்டரய்யா என்னை அழைத்தார். தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் யாராக இருந்தாலும் டாக்டரய்யாதான்.

“சார், ஒங்க ஊசி டேபிளால இங்க ஒரே சண்டை. மேல் டிவிஷன்ல ஒரு பொம்பள, ஊசி போட்ட புள்ளையவே திரும்பத் தூக்கிக்கிட்டு மழையில எறங்கி வந்துருச்சு. வெள்ளிக்கிழமை தொர வந்து பாப்பாரு. சரிப்படலன்னா இந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

போனேன். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். “படம்” என்றது கணினி. “மேற்படி. மேற்படி.” பிறகு ஒரு தொலைபேசி இலக்கம். பிறகு மறுபடியும் “மேற்படி. மேற்படி.” கோயிலில் மந்திரம் கேட்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

“படம் படம்னு சொல்லுது, என்ன படம்னு சொல்ல மாட்டேங்குது. சினிமாப் படமா சார்?”

“அது தலைப்பு. ஊசி போட்டாச்சுன்னா வரி பச்சையா இருக்கும், அதைப் பார்த்து...” என்று தொடங்கியபிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

“அப்படியா சார்? மிஷினுக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அதுக்கும் தெரியாது.”

மேற்படிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் டிவிஷனையும் லயத்தையும் முழுதாக எழுதினேன். படத்தைத் தூக்கிவிட்டு எழுத்தால் தலைப்பிட்டேன். எந்தக் கட்டத்துக்குப் போனாலும் அதன் தலைப்பையும் சேர்த்துக் கணினி வாசிக்கும்படி இணைத்தேன். பச்சை சொன்னதைச் சொல்ல, ‘போட்டாச்சு’, ‘போடவில்லை’ என்று வரிக்கு வரி தனிக் கட்டம் வைத்தேன். கண்ணுள்ளவர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வதைக் கேட்பவருக்கும் சொல்ல, அட்டவணைக்கு முன்னால் ஒரு விளக்கம் வேண்டும் என்று படித்திருந்தேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனிடம் விளக்கம் எழுதச் சொன்னால் விடுவானா? தடுப்பூசியின் அவசியத்தில் தொடங்கி, மலையையும் மூடுபனியையும் தொட்டு, நடுவில் மென்மையாக ஒரு நகைச்சுவையும் வைத்தேன்.

புதன்கிழமை அவள் அதை முழுவதும் கேட்டாள். மேசையில் ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

“முன்னுரை நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா போன்ல அந்தப் பக்கம் ஒரு தாய் நிக்கிறா. நீங்க மலையிலருந்து எறங்குறதுக்குள்ள அவ வச்சிட்டுப் போயிருவா.”

“அந்த நகைச்சுவை?”

“அது எந்த எடத்துல சார் வந்துச்சு?”

அவள் சொல்லச் சொல்ல வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது: ‘பிள்ளைகளின் அடுத்த தடுப்பூசி. ஒரு வரிக்கு ஒரு பிள்ளை. டிவிஷன், லயம் வரிசையில்.’

வெள்ளிக்கிழமை துரை வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். “கீழ் டிவிஷன், ஆறாம் லயம். யாருக்கு ஊசி போடல்ல?” என்று கேட்டுவிட்டு, தானும் திரையில் தேடத் தொடங்கினார். டாக்டரய்யா சரிபார்க்கப் பழைய கொப்பியைத் திறந்தார். கணினி என்ன சொல்கிறது என்று எங்களுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடியது.

“ரெண்டு புள்ளைங்க சார். ஒன்னுக்கு வர்ற செவ்வாக்கெழமை. மத்ததுக்கு அடுத்த மாசம்.”

துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கியபடி இன்னும் நான்காம் லயத்தில் இருந்தார். டாக்டரய்யா, எந்த லயத்தின் மேற்படி என்று கண்டுபிடிக்கக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒருவழியாக இருவரும் ஆறாம் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பிள்ளைகள்தான்.

“ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் ‘சரி’ சொன்னார் துரை. “நிரந்தரக் கடிதம் திங்கக்கிழமை அனுப்புறேன்.”

“நன்றி சார். கையால எழுதி, படம் புடிச்சு அனுப்பிறாதீங்க. மிஷின் படம்னு மட்டுந்தான் சொல்லும்.”

துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த டெங்கு நோய்ச் சுவரொட்டியை மிகுந்த அக்கறையோடு வாசித்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் தட்டச்சில் வந்தது. அதை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.