கண்டிக்குப் போனவரின் வயது

நவம்பர் பிறக்கப் போகிறது என்றால் எங்கள் வீட்டில் அப்பா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு செத்தவர்களின் பெயர்களை எழுத ஆரம்பிப்பார். கல்லறைத் திருநாள் பூசையில் சாமியார் வாசிப்பதற்கு. நான் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவன், அவர் ஐந்தாவதை முழுசாக முடித்தவர். ஆகவே எழுதும் உரிமை அவருக்குத்தான்.

அந்தத் தாளில் ஒரு பெயர் மட்டும் வராது. அப்பாவின் தாத்தா பெயர். பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டார் என்பது வீட்டுக் கதை. அந்தக் கைக்குழந்தைதான் என் தாத்தா. 'ஓடிப்போனவன் மவன்' என்று ஊர் கூப்பிடக் கேட்டே வளர்ந்தவர். சாகும்போது அப்பாவிடம் ஒரே ஒரு சத்தியம்தான் வாங்கினார்: அந்தாளுக்காக ஒரு மெழுகுவர்த்திகூடக் கொளுத்தக் கூடாது.

அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, இது ஆகாது. போன வருஷமும் தாளை எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"மோட்சத்துக்கும் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல ஒருத்தரும் வேண்டிக்காம கெடக்குறாருடா. நாளைக்கு மேல போயி நான் அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீ மேலதான் போவேன்னு யாரு அத்தை சொன்னா?" என்றேன்.

துடைப்பம் பறந்து வந்தது. குறி தப்பியது. அப்பா தலை நிமிராமல், "அப்பாட்ட சத்தியம் பண்ணிருக்கேன்க்கா" என்றார். அவ்வளவுதான்.

அத்தை என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். "அவரு உண்மையிலேயே ஓடுனாரான்னு எங்கயாச்சும் எழுதியிருக்கும். நீதான் ஊரெல்லாம் சுத்துறியே, பாத்துட்டு வாடா."

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தை லோடு ஆட்டோவில் அரியலூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் என் சுற்று. அரசாங்கம்தான் ஆட்களை எண்ணுகிறதே, அந்தப் பழைய கணக்கைக் கேட்போம் என்று லோடு இறக்கிய கையோடு ஒரு ஆபீசில் ஏறினேன். அங்கிருந்த சார் சிரித்தார்.

"தம்பி, சென்சஸ்ல எத்தன தலைன்னுதான் வெளிய சொல்லுவாங்க. எந்தத் தலை யாரு தலைன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க வேதக்காரங்கதானே? கோயில்ல கேளுங்க."

அப்போதுதான் உறைத்தது. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் எங்கள் கோயில்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. ஆத்தும கணக்கு. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் கோயில் உபதேசியார் வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார், என்ன வயசு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாரா, பூசையில் நன்மை வாங்கினாரா என்று எழுதிக்கொண்டு வருவார். சாமியார் பங்களாவில் பழைய புத்தகங்கள் அப்படியே இருந்தன. பங்குச் சாமியார் இளவயசுக்காரர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எச்சி தொட்டுப் புரட்டக் கூடாது தம்பி."

"பட்டுட்டா அதையும் ஒரு ஞானஸ்நானம்னு வச்சுக்கங்களேன் சாமி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைக் காட்டினார்.

எங்கள் தெருவைக் கண்டுபிடிக்கவே பாதிப் பகல் போனது. கடைசியில் அப்பாவின் தாத்தா அகப்பட்டார். வீட்டுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு வரி. அவர் வரியில் 'பார வண்டிக்காரன்' என்று இருந்தது. அவர் மாட்டை ஓட்டினார், நான் ஆட்டோவை ஓட்டுகிறேன், குடும்பத்தில் மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் பாவசங்கீர்த்தனக் கட்டம் காலி. டபாய்த்திருக்கிறார். நம்ம ஆள்தான்.

புரட்டப் புரட்ட வீடு நிறைந்தது, குறைந்தது. ஒரு பெண் குழந்தை வந்தது; அடுத்த வருஷம் அதன் பெயருக்கு முன்னால் சிலுவைக் குறி. இன்னொன்று வந்தது, அதற்கும் சிலுவை. அப்புறம் ஒரு ஆண் குழந்தை. என் தாத்தா. அந்த வருஷம் வண்டிக்காரர் பெயருக்குப் பக்கத்தில் 'கண்டி' என்று மட்டும். மழையில்லாமல் கடன்பட்டுத் தெருவே கிளம்பியிருக்கிறது போல, பக்கத்து வீடுகளிலும் 'கண்டி', 'கண்டி' என்றுதான் இருந்தது.

அடுத்த வருஷப் புத்தகத்தில் அவர் வரியை ஒட்டி ஓரத்தில் பொடி எழுத்து. 'காய்ச்சலில் மரித்ததாக உடன்போனவன் சொல்லுகிறான். பெண்சாதி ஒப்பவில்லை.'

சிலுவைக் குறி இல்லை. அவள் ஒப்பவில்லை, ஆகவே போடவில்லை. அதற்கு அடுத்த வருஷம் வயசு ஒன்று ஏறியிருந்தது. அதற்கடுத்ததிலும் ஏறியிருந்தது. உபதேசியார்கள் மாறினார்கள், கையெழுத்து மாறியது. செத்துப்போன மனுஷனுக்கு மட்டும் வருஷா வருஷம் வயசு கூடிக்கொண்டே போனது. கேட்டு வந்தவர்களிடமெல்லாம் 'இருக்காரு, கண்டியில இருக்காரு' என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். என் தாத்தாவுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வரி வந்த பிறகும் கண்டிக்காரர்தான் குடும்பத் தலைவர். பிறகு ஒரு வருஷம் அவள் பெயருக்குச் சிலுவை விழுந்தது. அடுத்த புத்தகத்தில் அவர் வரியும் இல்லை. வயசு சொல்ல ஆள் இல்லை.

புத்தகத்தை மூடிவைத்தேன். "என்ன தம்பி, கெடைக்கலயா?" என்றார் சாமியார்.

"கெடச்சிட்டாரு சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது அத்தை அழுதாள். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"அப்ப அந்தப் பொம்பள பொய் சொன்னுச்சுங்கிறியா? பெத்த புள்ளைட்டயே?"

"பொய்யில்லப்பா. நம்பல."

"நம்பாம என்ன பண்ணுச்சு பாரு. உசுரோட இருக்கான், ஆனா வரல. அந்தப் புள்ள என்னான்னு நெனைக்கும்? ஓடிட்டான்னுதானே நெனைக்கும்?"

எனக்கே அது புதுசு. அப்பா பேனாவை எடுத்தார், மூடினார், திரும்ப எடுத்தார்.

"செத்தவங்க தாள்ல போட்டா அந்தப் பொம்பளதான் ஒப்பாதே."

"இப்ப ஒப்புவாங்கடா தம்பி" என்றாள் அத்தை. "இப்ப அவங்க பக்கத்துலதானே இருக்காரு."

அப்பா புது வரி ஆரம்பிக்கவில்லை. தன் பாட்டியின் பெயருக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் அவர் பெயரை நுணுக்கி எழுதினார். பூசையில் சாமியார் இரண்டையும் சேர்த்தே வாசித்தார். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். கண்டிக்காரருக்கு இங்கே குழி ஏது. அந்தப் பாட்டியின் மேட்டில் அத்தை இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாள். அப்பா அங்கே நிற்கவில்லை. தள்ளியிருக்கும் தாத்தாவின் கல்லறைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சத்தியத்தை மீறிவிட்டு அவரிடம் என்ன சாக்குச் சொல்கிறார் என்று கேட்டுவைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ணலாமே என்று பின்னாலேயே போனேன்.

காதோடு சொல்வதுபோலக் குனிந்திருந்தார்.

"ஓடலப்பா" என்றார். "செத்துட்டாருப்பா. ஒனக்கு யாரும் சொல்லல."