மழையை எடுத்த கதை

சலவைக்கடை அக்கா சட்டையின் காலரை மேலுதட்டில் வைத்து, கண்ணை மூடி, மூன்று எண்ணும் நேரம் அப்படியே நிற்கிறார். ஈரம் பார்ப்பதில் கை பொய் சொல்லும், உதடு சொல்லாது என்பது அவர் கட்சி. எதிரே நிற்கும் வாடிக்கையாளர் அவசரக்காரர். தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சிருச்சே, குடுத்துருங்க" என்கிறார். "காயல" என்று சட்டையைத் திரும்பவும் கொடிக்கே அனுப்பிவிடுகிறார் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. நானும் ஒருமுறை கெஞ்சிப் பார்த்துவிட்டு, பழைய சட்டையோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்.

தெரு முழுக்க அவருக்கு அக்கா என்றுதான் பெயர். வயது ஐம்பத்திரண்டு. கடை என்பது கீழே ஓர் அறை, இரண்டு சலவை இயந்திரங்கள், ஓர் இஸ்திரி மேசை. மேலே மொட்டை மாடியில் பதினோரு கொடிகள். இஸ்திரி போடுவது கணவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அது மனைவியைப் பற்றிய கிண்டலாகத்தான் இருக்கும். சுவரில் நூல் கட்டித் தொங்குகிறது ஒரு நோட்டு. தினம் ஒரு வரி. 'கால்சட்டை, இரண்டு மணி நேரம்.' 'கால்சட்டை, ஒன்றரை நாள்.' ஒரு வாரம் முழுக்க, 'கால்சட்டை, காயல.' தடித்த கால்சட்டை ஒன்று காய எவ்வளவு நேரமாயிற்று என்ற குறிப்பு அது. கோடை, பனி, அடைமழை எல்லாம் அக்காவுக்கு அந்த அளவில்தான்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அக்கா நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக.

நான் பத்திரிகையில் கதை எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். படித்தும் இருக்கிறார், அதுதான் வினை. "உங்க கதையில யாரு அழுதாலும் வானமும் சேந்து அழுவுதே சார். அதுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் ஒருநாள். கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து சிரித்தார். யாருடைய சட்டையிலோ அந்தச் சிரிப்பின் தடம் இன்னும் இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் என் கதைகளைப் புரட்டினேன். பிரிவு என்றால் இடி, சாவு என்றால் தூறல், காதல் என்றால் தென்றல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவர் நாவலில் இரண்டு சகோதரிகள். ஏழு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அப்பாவின் பழைய வீட்டைக் காலி செய்ய ஒரே நாளில் வந்து சேர்கிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது, பாதை முழுகிவிடுகிறது, இருபது நாள் ஒரே கூரை. அவ்வளவுதான் கதை. இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது பதிப்பகத்தின் ஆசிரியர் முதல் பக்கத்திலேயே சிவப்பில் எழுதியிருந்தார்: 'பக்கத்துக்குப் பக்கம் மழை. வானிலை அறிக்கை போல இருக்கிறது. மழையை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், போடலாம்.'

அதை என்னிடம் காட்டியபோது அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. இதையும் விட்டால் நான்காவது ஒரு வாசல் ஏறும் தெம்பு அவரிடம் இல்லை. "மழையை எடுத்தா ரெண்டு பேரும் மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிருவாங்களே சார். அப்புறம் கதை ஏது?"

"எடுத்துத்தான் பாருங்களேன்" என்றேன். அனுபவஸ்தன் அல்லவா.

எடுத்தார். ஐந்து மாதம், கொடிக்குக் கொடி நகரும்போதெல்லாம் காகிதக் கட்டும் கூடவே நகர்ந்தது. ஒவ்வொரு மழையாக எடுத்தார். எடுத்த இடத்தில் என்ன வைத்தார் என்பதுதான் சங்கதி. உப்பு ஜாடியில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. தீக்குச்சி நாலாவது உரசலில் பிடித்தது. சமையலறைக் கதவு ஊறி உப்பி, ஒருத்தி இழுக்க ஒருத்தி தள்ள வேண்டியதாயிற்று; ஏழு வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. இளையவளின் மாற்றுத்துணி மூன்றாம் நாளும் காயவில்லை. மூத்தவள் தன்னுடையதில் ஒன்றை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள். அந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். சுவரில் தொங்கிய நோட்டின் கால்சட்டைகள் அத்தனையும் நாவலுக்குள் போய்க் காயாமல் கிடந்தன. கணவர் ஒற்றை விரலால் தட்டச்சு செய்து முடித்து, ஆசிரியருக்கு அனுப்பிவைத்தார்.

அவர் வரச்சொன்ன அன்று பதிப்பகத்துக்கு என் ஸ்கூட்டரில்தான் போனோம். நல்ல வெயில். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே உட்கார்ந்திருந்தார்.

"மழையை எடுக்கச் சொன்னேன் மேடம். நீங்க முன்னைவிடக் கூட்டி வச்சிருக்கீங்க."

"எந்தப் பக்கத்துல சார்?"

"எல்லாப் பக்கத்துலயும்தான்." புரட்டினார். மறுபடி புரட்டினார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, 'தூறல்' என்று தேடினார். இல்லை. 'சாரல்' இல்லை. 'மேகம்', 'குடை', எதுவும் இல்லை. கடைசியாக 'மழை' என்று தட்டினார். இருநூற்று எண்பது பக்கத்தில் ஒன்றே ஒன்று சிக்கியது.

"இதோ இருக்கு பாருங்க" என்றார், திருடனைப் பிடித்துவிட்ட குரலில். அது கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. வாய்விட்டுப் படித்தார். 'மழை விட்டிருந்தது. இருவரும் கிளம்பவில்லை.'

கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார். "நேத்து இதைப் படிச்சிட்டு இருக்கும்போது எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்தினேன் மேடம். வெளியில பாத்தா வெயில் கொளுத்துது. ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன நினைச்சாங்களோ."

"மாடியில துணி கெடக்கு சார். போடறீங்களா இல்லையான்னு சொல்லிட்டா கிளம்பிருவேன்."

"ஒரு எழுத்து மாத்தாம போடறோம்."

எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. ஏதோ நானே எழுதி ஜெயித்ததுபோல வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, வழியில் தெரிந்த மாடிக் கொடிகளில் எது காய்ந்தது, எது காயவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

போன வாரம் புத்தகக் கட்டு வந்து இறங்கியது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. அந்த அவசரக்காரர்கூட அன்றைக்குப் பொறுமையாக நின்றார். கட்டைச் சுற்றியிருந்த காகிதத்துக்குக் கணவர் இஸ்திரி போட்டு மடித்து வைத்தார். அக்கா முதல் பிரதியைக் கையில் வாங்கினார். பிரிக்கவில்லை. அதன் ஓரத்தை மேலுதட்டில் வைத்து, கண்ணை மூடி, மூன்று எண்ணும் நேரம் நின்றார்.

"என்ன, காஞ்சிருச்சா?" என்றார் கணவர்.

"காயல."

சொல்லிவிட்டு, புத்தகத்துக்கு இரண்டு கிளிப் போட்டு, கடை வாசல் கொடியில் தெருவைப் பார்க்க மாட்டினார்.