வெள்ளை பானெட்டில் ஒரு பொட்டு

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் நைனாவுக்கு, அதான் அப்பாவுக்கு.

கோழி அடைந்து கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை நைனா தன் மெக்கானிக் ஷெட்டில் ஒரு வருடமாகச் சரிசெய்தார். இன்று ஓனர் எடுத்துப்போகும் நாள்.

வெள்ளிக்கிழமை, வண்டி பொட்டில்லாமல் போகலாமா? குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வெள்ளை பானெட்டில் நான்தான் வைத்தேன்.

பெயிண்ட் முழுசாகக் காயவில்லையாம். துடைத்தும் கறை போகவில்லை.

"எவன்டா வச்சது? மறுபடி மொத்தமா அடிக்கணுமே!" என்று நைனா கத்தினார். நான் விரலைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஓனர் திருப்பதியிலிருந்து வந்துவிட்டார். பானெட்டையே பார்த்தார்.

"இதி எவரு பெட்டாரு?"

யார் வைத்தது என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "எங்கம்மா இதே எடத்துலதான் வெப்பாங்க. எங்கப்பா பெட்ரோல் ஊத்தித் தொடச்சாலும் போவாது! புது பெயிண்ட்டோட போட்டோல பாத்தப்ப வேற யாரோ வண்டி மாதிரி இருந்துச்சி. இத அழிக்காதீங்க."

உடனே நைனா, "நான்தான் சார், பாத்துப் பாத்து வச்சேன்" என்றார்!

அப்பாடா. ராத்திரிதான் சோறு இறங்கியது. விரலில் சிவப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

இப்போது நைனாவிடம் உண்மையைச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க...

ஐயோ, கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, தூங்கலியா? கதவத் தொற. ஒன் கைய காட்டு."