சிவப்புப் பட்டை இல்லாத மரம்

அண்டீன் கிட்டென்ஸ் தன் ஐம்பத்து நான்கு வயதில் ஒருநாள்கூட விமானம் ஏறியதில்லை. ஆனால் பார்படோஸுக்கு வந்து கல்யாணம் செய்துகொள்ளும் வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் பயண யோசனை சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. செயின்ட் பீட்டர் கடற்கரையில், திருமதி வொரெலுக்குச் சொந்தமான கல்யாண பங்களாவைப் பத்தொன்பது வருஷமாகக் கட்டி மேய்க்கிறவள் அவள்தான். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே விருந்தாளிகளுக்கு அவளுடைய இரண்டு பக்கக் கடிதம் போய்விடும்.

அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கூத்து நடந்திருந்தது. பட்டாளத்துப் பச்சைப்புள்ளி உடுப்பு கொண்டுவராதீர்கள், எங்கள் ஊரில் அது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருந்தாள். ஒரு மாப்பிள்ளை அப்படியொரு கால்சட்டையோடு கல்யாணத்தன்று காலை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். கடைக்குள் நுழைந்ததும் முதலில் காலை வணக்கம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரிக்குக் காது கேட்காது என்று இன்னொரு வரி. கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்: அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள். அது மஞ்சினீல். அதன் பாலும் பழமும் நஞ்சு.

அந்த டிசம்பரில் கனடாவிலிருந்து முப்பத்தோரு பேர் வந்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. வேலிக் கல்லும் அடிமரமும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்காவிட்டால் அந்தத் தீவில் பண்டிகை வந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தோட்டக்காரன் டார்ன்லி வியாழக்கிழமை வாளியும் கையுமாக வந்து நின்றான்.

"எல்லா மரத்துக்குமா மிஸ்?"

"ஒண்ண விட்டா அது மொகத்தத் தூக்கி வெச்சுக்கும். எல்லாத்துக்கும் இடுப்பளவு அடி. சனிக்கெழம பொண்ணு போடுற கவுனவிட வெள்ளையா இருக்கணும்."

"அப்போ பொண்ண யாரு பாப்பாங்க, என் மரத்தத்தான் பாப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே அவன் போய் எல்லாவற்றுக்கும் அடித்தான்.

சனிக்கிழமை நாலு மணி. பாதிரியார் புத்தகத்தைத் திறக்கப் போகிறார். கடல் பக்கமிருந்து ஒரு கறுப்பு மேகம் வந்தது, காற்று நாற்காலிகளைத் தள்ளியது, அடுத்த நிமிஷம் மழை. பந்தல் தூரத்தில் இருந்தது. மணப்பெண்ணின் அப்பா ஹால்வர்சன் கையைத் தூக்கிக் கூவினார்.

"இங்க வாங்க! சிவப்புப் பட்டை இல்ல, நல்ல மரந்தான். நான் பாத்துட்டேன், வாங்க!"

அடுக்களை வாசலில் மீன் உருண்டைத் தட்டோடு நின்ற அண்டீன் நிமிர்ந்தாள். மணப்பெண் மாரென், அவளுடைய சித்தி சிக்னே, ஒன்பது பத்துப் பேர், எல்லாரும் குடைபோல விரிந்த அந்த மரத்துக்கடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடிமரம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவளுக்கும் டார்ன்லிக்கும் அந்த மரத்தை இலையைப் பார்த்தே தெரியும், நடை பழகுவதற்கு முன்பே தெரியும். அதனால்தான் வெள்ளையடித்தபோது அந்த மஞ்சினீலின் இடுப்பில் கிடந்த சிவப்புப் பட்டை இரண்டு பேர் கண்ணிலும் படாமல் போயிருந்தது. தட்டு கீழே விழுந்தது. அவள் ஓடினாள்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

"நீங்க உள்ள வாங்க மேடம், நனையாம இருக்கு!" என்று ஒருத்தர் கையாட்டினார். இலையிலிருந்து பால் கலந்த தண்ணீர் அவர்கள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது விஷ மரம்! நனைஞ்சாலும் பரவால்ல, வாங்க! கண்ணக் கசக்காதீங்க!"

கூட்டம் கலைந்து மழைக்குள் ஓடியது. சிக்னே மட்டும் அசையவில்லை. அவள் கையில் சின்னப் பச்சை ஆப்பிள்போல அந்த மரத்தின் பழம் ஒன்று இருந்தது. அதில் பல் பதிந்திருந்தது.

"துப்பு!" மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. "துப்புங்கறேன்ல! முழுங்கினியா?"

"ஒரு கடி... இனிப்பாத்தான் இருந்துச்சு. இப்போ... மொளகு தின்ன மாதிரி..." சிக்னே தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டார்ன்லியின் வேன் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தது. மற்றவர்களை அண்டீன் வெளிக் குழாயடியில் வரிசையாக நிறுத்திச் சோப்பைக் கையில் கொடுத்தாள். மாரென் கவுனைக் கழற்ற மறுத்தாள்.

"இது செத்துப்போன எங்கம்மாவோடது! யாரும் தொடாதீங்க!"

"கவுனு போனா துக்கப்பட்டுக்கலாம்டியம்மா, கண்ணு போனா அழக்கூட முடியாது. திரும்பு." கொக்கிகளை அவிழ்க்க நேரமில்லை. பிய்த்தாள். மாரெனின் தோளில் அதற்குள் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அண்டீன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாய்க்குள் ஜெபம் சொன்னாள்.

மழை நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை. போன் அடித்தது. எடுத்தால் திருமதி வொரெல். வெள்ளையடித்தது உட்பட எல்லாம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"கடுதாசியில எழுதியிருக்குல்ல? படிச்சவங்க கவனிக்கல, அவ்ளோதான். நீ வாயத் தொறக்காத அண்டீன். தொறந்தா பங்களாவும் போச்சு, நீயும் போன."

வைத்துவிட்டுத் திரும்பினாள். வராந்தாவில் ஹால்வர்சன் சமையற்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மடியில் அவளுடைய கடிதம், நனைந்து கிழிந்தது.

"நாலு தடவ படிச்சேன்மா. விமானத்துல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சேன். பட்டைய எப்படிப் பாக்காம விட்டேன்? நாந்தான் கூப்ட்டேன். சிக்னே வர மாட்டேன்னா, நாந்தான் கையப் புடிச்சு இழுத்தேன்."

சும்மா இருந்தால் போதும். அந்த மனிதர் பழியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கனடாவுக்குப் போய்விடுவார். பத்தொன்பது வருஷ வேலை தங்கும். அவள் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பட்டை இல்லீங்க ஐயா. முந்தாநாள் அதுமேல வெள்ளையடிக்கச் சொன்னது நான்."

அவர் நிமிர்ந்தார். "என்ன சொல்றீங்க?"

"உங்க கண்ணுல கோளாறு இல்ல. நீங்க என் பேச்ச நம்புனீங்க. நீங்க செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

அவர் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தாள். "என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றார். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருட்டுவதற்கு முன் டார்ன்லி போன் செய்தான். தொண்டை வெந்துபோயிருக்கிறது, பேச்சு வரவில்லை, ஆனால் மூச்சு சீராகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். நான் வரும்வரை கல்யாணத்தை நடத்தக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம் சிக்னே. அண்டீன் அடுக்களைப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு ஹால்வர்சனின் கதவைத் தட்டிச் சேதியைச் சொன்னாள்.

கொட்டகையில் தேடிச் சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனாள். கையுறை மாட்டிக்கொண்டு வெள்ளைக்கு மேல் அகலமாக ஒரு பட்டை இழுத்தாள். திங்கட்கிழமை இந்த வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்படியேதான் ஆயிற்று.

பின்னால் மணலில் காலடி கேட்டது. ஹால்வர்சன். மரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

"இன்னும் எத்தன மரம் இருக்கு?"

"இந்தக் கரையில மூணு ஐயா. எல்லாத்துக்கும் இன்னைக்கே அடிச்சுருவேன்."

"பட்டைய விடுங்க." அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தார். "எனக்கு எலையக் காட்டுங்க."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். கீழே கிடந்த ஒரு நீண்ட குச்சியை எடுத்து, தாழ்ந்த கிளையைத் தொடாமல் சுட்டிக்காட்டினாள்.

"பாருங்க. பளபளன்னு இருக்கும். நடு நரம்பு மஞ்சளா ஓடும். காம்பும் எலையும் சேர்ற எடத்துல சின்னதா ஒரு புள்ளி, தெரியுதா?"

"தெரியல. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள்.