அடைக்கலப்பட்டணத்தில் ஒன்பது நாள்

எங்கள் வீட்டுக்குள் பகடையைக் கொண்டுவந்தது சித்தப்பாதான். கவரைப்பேட்டையில் நாங்கள் இருந்த வீட்டில் அதுவரை சீட்டுக்கட்டு, தாயக்கட்டை எதற்கும் இடமில்லை. அப்பா சபையில் மூப்பர். சிலுவைக்கடியில் இயேசுவின் உடைக்காகச் சேவகர்கள் சீட்டுப்போட்டதால் அந்த வகையறா எதுவுமே அவருக்கு ஆகாது. சித்தப்பா லேசுப்பட்டவரா? கானான் தேசத்தைக் கோத்திரங்களுக்கு யோசுவா சீட்டுப்போட்டுத்தானே பிரித்துக் கொடுத்தார் என்று கேட்டார். அப்பா பதில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பகடை உள்ளே வந்துவிட்டது.

சித்தப்பா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் படித்தபோது இந்த விளையாட்டைக் கற்றிருந்தார். ஆளுக்கொரு வேஷம், ஒருவர் கதை சொல்வார், ஆபத்து வந்தால் பகடை முடிவு செய்யும். ஒன்று விழுந்தால் கேடு, ஆறு விழுந்தால் அற்புதம். ஹாஸ்டலில் பூதமும் மந்திரவாதியுமாக ஆடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பூதம் செல்லாது. கோத்திரம், வனாந்தரம், யுத்தம் எல்லாம் உள்ள புத்தகம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ஆகவே அந்த மே மாத லீவில் நானும் அண்ணனும் பக்கத்து வீட்டு இரட்டைப் பெண்களும் இஸ்ரவேலர் ஆனோம்.

அண்ணன் யூதா கோத்திரத்தை எடுத்துக்கொண்டான், ராஜ வம்சமாம். நான் பென்யமீன். கவண் எறிவதில் பேர்போன இடதுகைக்காரர்கள் அந்தக் கோத்திரத்தில் இருந்தார்கள் என்று சித்தப்பா சொன்னார். நானும் இடதுகைதான். பள்ளிக்கூடத்தில் அதற்காகக் குட்டு வாங்கியே பழகிய எனக்கு, அதற்காகவே சேர்த்துக்கொள்கிற ஒரு கூட்டம் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் வீட்டில் பேசக்கூடாத பேச்சு ஒன்று உண்டு. அது அத்தையைப் பற்றியது. அப்பாவின் ஒரே தங்கை. கூட வேலை பார்த்த ஓர் இந்துப் பையனைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் திருவள்ளூருக்குப் போய்விட்டாள். தன்னை உயிரோடு கொன்றுவிட்டாள் என்றார் அப்பா. இந்த வாசப்படியை அவள் மிதிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பஸ் மாறிப் போனால் இரண்டு மணி நேரத்தில் திருவள்ளூர். எனக்கு அது பாபிலோன் மாதிரி, போனவர்கள் உட்கார்ந்து அழுகிற ஊர். மாதத்துக்கு ஒருமுறை சித்தப்பா எங்கேயோ போய்வருவார். அம்மா அவர் பையில் முறுக்கு டப்பா ஒன்றைச் சொருகி அனுப்புவாள். அப்பா அந்த நேரத்தில் பேப்பரை மிகவும் கவனமாகப் படிப்பார்.

விளையாட்டில் ஒருநாள் வனாந்தரத்தில் எல்லோருக்கும் பசி. நான் காடையைப் பார்த்துக் கவண் சுழற்றினேன். பகடையில் ஒன்று விழுந்தது. கல் குறி தப்பி அண்ணன் தலைக்குப் போனது. பிழைப்பானா என்று பார்க்க மறுபடி உருட்டினோம், மறுபடி ஒன்று. யூதா செத்தான். அண்ணன் நிஜமாகவே அழுதுகொண்டு நியாயம் கேட்டான். சித்தப்பா அவனுக்கு வேறொரு வேஷம் கொடுத்துவிட்டு, வேதாகமத்தை வெகுநேரம் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். அறியாமல் கொன்றவன் அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடிப்போக வேண்டும். பிரதான ஆசாரியன் சாகும்வரை அதைவிட்டு வெளியே வரக்கூடாது. அவன் செத்தபிறகு சொந்த வீட்டுக்குத் திரும்பலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.

அடைக்கலப்பட்டணம் என்பது எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் துணி துவைக்கும் கல். பிரதான ஆசாரியன் அப்பா. அவரைக் கேட்காமலே சித்தப்பா அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார். தினமும் ஆட்டம் முடிகிறபோது அவருக்காக ஒருமுறை பகடை உருட்டுவார். ஒன்று விழுந்தால் அப்பா காலி, நான் உள்ளே. கல்லில் உட்கார்ந்து உள்ளே அவர்கள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று விழுந்தது, ஐந்து விழுந்தது, என் ஜென்மத்தில் பார்க்காத அளவுக்கு ஆறு விழுந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அண்ணன் வந்து, நாளைக்கு யோர்தானைக் கடந்து கானானுக்குள் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் இல்லாமல்.

மாலையில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நேரே போய் எதிரில் நின்றேன்.

"நைனா, நீ எப்போ சாவ?"

அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா அவளைத் தடுத்து, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அழுகையோடு காடையிலிருந்து கல்வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சித்தப்பா மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

"இது வேதத்துல கீதாடா?"

"கீதுண்ணா. சன்டே ஸ்கூல்ல நீதான் எனக்கு சொல்லிக் குடுத்த."

"அவன் சாவுற வரிக்கும் ஒரு பொண்ணு வெளியவே குந்திக்கினு இருக்கணுமா?"

"நாலு வருசமா குந்திக்கினுதான கீது," என்றார் சித்தப்பா.

கணக்குத் தப்பாகச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். "ஒம்போது நாளு சித்தப்பா," என்று திருத்தினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பகடையைக் கேட்டார். அவர் அதைத் தொட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருட்டாமல், விரலால் திருப்பி, ஒற்றைப் புள்ளி மேலே வரும்படி தரையில் வைத்தார்.

"செத்துட்டேன். உள்ள கூப்புடு," என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

உள்ளேதானே நிற்கிறேன், இன்னும் என்ன கூப்பிடுவது என்று நினைத்தேன். அதோடு இது போங்காட்டம். பகடையை உருட்டாமல் வைத்தால் செல்லாது. அதையும் சொன்னேன். ரூல் விஷயத்தில் ஈவிரக்கமே பார்க்காத சித்தப்பா, செல்லும் செல்லும் என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் எங்கோ கிளம்பிப் போனார்கள். பொழுது சாய ஓர் ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கினாள், கூடவே மாமாவும், அவர் தோளில் தூங்குகிற ஒரு குட்டிப் பையனும். வாசப்படிக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டாள். அப்பாதான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். எதற்கு இத்தனை அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. அவள் மடியில் ஏறிக்கொண்டு, அப்பா எனக்காகச் செத்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, அப்படியா அப்படியா என்று கேட்டாள். ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்காகத்தான் செத்தார் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.