எண்ணெய் வைக்காத தலை

இன்று என் மகள் மலரை எண்ணெய் வைக்காமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நாலு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பேச்சைக் கேட்கும்போது மூளை என்ன செய்கிறதென்று தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாதாம். போன வாரம் தெரியாமல் எண்ணெய் வழியச் சீவிக் கூட்டிப்போய், அப்படியே திரும்பி வந்தோம்.

இன்று சோதனை முடிந்து ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினால், பக்கத்து சீட் அம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

“பொட்டப்பிள்ளய இப்படியா பரட்டத் தலையோட கூட்டிட்டு வாரிய? ஏட்டி, ஒம் பேரென்ன?”

“அவளுக்குப் பேச்சு வரலம்மா” என்றேன்.

“அடப் பாவமே! அப்ப நாம பேசுறதும் வெளங்காதே.”

“வெளங்குது. தெரிஞ்ச வார்த்த காதுல விழுந்தா அவ மூளையில அலை வேற மாதிரி எழும்புது. காகிதத்துல கோடு கோடா இப்பதான் பாத்துட்டு வாரேன்.”

“கோடு பேசுமாக்கும்?” என்று சிரித்தார்.

“பேசாது. ஆனா நீங்க சொன்ன ‘பாவம்’ அவளுக்குள்ள போயிட்டு. இனிமே எம் பிள்ள முன்னால பாத்துப் பேசுங்க.”

அதன்பின் ஊர் வரும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உங்களுக்கும் ‘பாவம்’ என்று சொல்லத் தோன்றினால் இங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து அவள் முன்னால் சொன்னால் காப்பி கிடையாது.