கைமணிக் குழுவுக்குப் பாட்டு எடுத்தவன்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லை ஒற்றை ஆளாக நிறுத்தினேன். வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட மனையில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். என் பெண்கள் மூன்று பேரையும் நர்சிங் படிக்க வைத்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் செய்த காரியங்கள் இவை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது எங்கள் பங்குக் கோவிலின் கைமணிக் குழுவை. வெளிநாட்டில் யாரோ வேண்டாமென்று அனுப்பிய மணிப்பெட்டிகள் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. நானே போய் நின்று லாரியில் ஏற்றி வந்தேன். மில் கொட்டகையில் மேசைகளைச் சேர்த்து, மணிகளை வைக்க மெத்தை விரித்து, ஆட்களைத் திரட்டினேன்.

ஒரு கைமணிக்கு ஒரு சுரம்தான். ஆளுக்கு இரண்டு மணி. எல்லோரும் அவரவர் முறைக்கு ஆட்டினால்தான் பாட்டு முழுசாக வரும். ஆகவே எந்தப் பாட்டை எடுப்பது என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. சுரம் எழுதித் தருவது பாட்டு டீச்சர். அவர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை.

முதன்முதலாகப் பூசையில் வாசித்த அன்று, காணிக்கைப் பவனிக்கு டீச்சர் எடுத்த பாட்டு சின்ன மணியின் தனி ஓசையில் தொடங்கியது. எங்கள் கோவிலில் பூசை நடுவே சாமியார் அப்பத்தைக் கையில் எடுக்கும்போது சின்ன மணி அடிக்கும்; உடனே முழந்தாளிட வேண்டும். பேசத் தெரியாத பிள்ளைக்குக்கூட அது தெரியும். மணி கணீரென்றதும் கோவில் மொத்தமும் மண்டியிட்டது. காணிக்கையாகப் பூசணிக்காய் தூக்கிப் போனவர் நடுவழியில் பூசணிக்காயோடு மண்டியிட்டார்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது? நான் இன்னும் அப்பத்தைக் கையிலயே எடுக்கல. அதுக்குள்ள எல்லாம் மண்டி போட்டுக்கினு கீறாங்க! இனிமே பூசையில மணி வாணாம்."

"மணி மேல தப்பு இல்ல ஃபாதர், பாட்டு மேலதான்."

"விழுப்புரத்துல கச்சேரி பண்றீங்கல்ல? வந்து கேக்குறேன். அப்பால பாக்கலாம்."

அந்தக் கச்சேரியில் தவறினால் மணிகள் பெட்டிக்குள் போய்விடும். சாமியாரின் மனத்தைக் கரைக்க டீச்சர் உருக்கமான பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்தார். கொட்டகையில் அடித்துப் பார்த்தோம், டிங் டிங் என்று தனித்தனியாகத்தான் வந்தது. பெரிய மணிக்காரம்மா, ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர், சிரிப்பை அடக்க முடியாமல் மணியை மெத்தையில் வைத்துவிட்டார்.

"ஐயா, ஐஸ் வண்டி வந்துடுச்சு. ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க!"

"டீச்சர், வாய மூடிக்கினு அந்தப் பாட்ட முனகிப் பாருங்க" என்றேன்.

முனகினார்.

"ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தொண்ட எங்க வளையுதுன்னு பாத்தீங்களா? அங்க மணி வளையாது."

டீச்சர் மறுபடி முனகினார். "அப்ப எந்தப் பாட்டுதான் சார் எடுக்குறது?"

அன்றிலிருந்து பாட்டுத் தேர்வு என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பாட்டாக முனக வைத்து, தொண்டை வளைந்ததையெல்லாம் தள்ளினேன். படிப்படியாக ஏறி இறங்கும் பாலன் தாலாட்டு ஒன்றைக் கச்சேரிக்கு எடுத்தேன். கடைசிக்கு ஒரு காணிக்கைப் பாட்டு. அதைப் பெரிய மணிகள் எல்லாம் சேர்ந்து தொடங்க வேண்டும், சின்ன மணி தனியாக வாய் திறக்கவே கூடாது என்றேன். டீச்சர் அப்படியே எழுதித் தந்தார்.

விழுப்புரத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. தாலாட்டு முடிந்தபோது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசிப் பாட்டில் பெரிய மணிகள் ஒன்றாக முழங்கியபோது என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. சாமியார் மேடைக்கே வந்துவிட்டார்.

"இத்த அடிச்சா எவனும் மண்டி போட மாட்டான். வர்ற திருவிழாப் பூசைக்கு இதையே வாசிங்க."

திருவிழாவில் வாசித்தோம். எல்லோரும் உட்கார்ந்தபடியே கேட்டார்கள். இப்போது எந்தப் பெரிய பூசையும் எங்கள் மணி இல்லாமல் நடப்பதில்லை. ஆனால் கோவிலில் கொடுக்கும் அச்சுத்தாளில் 'பாடல் தேர்வு' என்று போட்டு டீச்சர் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயர் 'மேசை, மெத்தை உதவி' என்பதன் கீழே கிடக்கிறது. அச்சுத்தாள் போடும் பங்குப் பேரவைக்கு இதன் மூலம் சொல்கிறேன்: சுரம் எழுதியவர் என்று டீச்சரைப் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். பாடல் தேர்வு என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும். அதுவும் முழுப் பெயராக, இனிஷியலோடு.